பழைய அளவு

டெய்லரம்மாவுக்குப் பயம் கூடப்பிறந்தது. அக்காவும் கூடப்பிறந்தவள். இரண்டையும் உதறமுடியாமல்தான் ஐம்பது வயதுக்கு மேல் ஒன்பது நாடுகளைப் பார்த்துவிட்டாள். பார்த்தாள் என்பதே பெரிய வார்த்தை. அக்கா மலையையும் கோட்டையையும் பார்த்தாள். இவள் அக்காவையும் பாஸ்போர்ட் பையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா ஓய்வுபெற்ற பூகோள டீச்சர். முப்பது வருஷம் வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டிய இடங்களைக் காலால் மிதிக்காமல் விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கல்யாணம் காட்சி இல்லாதவளைத் தனியே அனுப்ப மனம் வராமல், டெய்லரம்மாவும் வருஷத்துக்கு ஒருமுறை கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்புவாள். ஒரு நாட்டில் மத்தியானம் ஊரே தூங்கியது. கலவரமோ என்று நடுங்கினாள். இன்னொன்றில் முன்பின் தெரியாத கிழவி கன்னத்தில் முத்தமிட்டாள். அவசரமாகப் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

பத்தாவது நாட்டில் பயப்பட நிஜமாகவே காரணம் கிடைத்தது. குளிர் எலும்பைக் குடையும் மலைநாடு. எல்லைக்கு முந்தின பஸ் நிலையத்தில் இருந்தார்கள். விசா அன்றோடு முடிகிறது, கடைசி பஸ் மூன்றரைக்கு. "காலாற நடந்துட்டு வரேன்டி" என்று இரண்டரைக்குப் போன அக்காவை மூன்று மணிக்கும் காணோம். அங்கே போனும் வேலை செய்யவில்லை.

நிலைய அதிகாரியின் அறைக்கு ஓடினாள். அந்த நாட்டில், வந்தவர் தேநீர் குடித்து முடிக்காமல் வந்த காரியத்தைப் பேசினால் அவமரியாதையாம். "அக்கா, அக்கா" என்று இவள் தவிக்க, அவர் சிரித்த முகமாய் நிதானமாக ஊற்றினார். நாக்கு வெந்துபோகக் குடித்தாள். இரண்டாவது கோப்பையும் வந்தது. அழுகையையும் சேர்த்து விழுங்கினாள்.

பாஷையோ தெரியாது. கைப்பையில் துணிக்குக் குறி போடும் சாக்பீஸ் கிடந்தது. தரையில் மண்டி போட்டு வரைய ஆரம்பித்தாள். தோள் பதினைந்து, மார்பு நாற்பது, இடுப்பு முப்பத்தாறு. நாற்பது வருஷமாக அக்காவுக்கு ரவிக்கை வெட்டிய கை, டேப்பே தேவையில்லை. ஆளுயர உருவத்துக்குக் கொண்டையும் மூக்குக்கண்ணாடியும் போட்டு நிமிர்ந்தாள்.

அதிகாரி கொண்டையைப் பார்த்துத் தலையாட்டினார், கண்ணாடிக்கும் ஆட்டினார். பெண்கள் இளைப்பாறும் அறைப் பக்கம் கைகாட்டினார். பிறகு சாக்பீஸை வாங்கி, இவள் போட்ட கோட்டுக்கு வெகு உள்ளே ஒடுங்கலாய் இன்னொரு கோடு போட்டார்.

"அது எங்கக்கா இல்லய்யா! எங்கக்கா நல்லா தாட்டியா இருப்பா. அளவெடுத்த எனக்குத் தெரியாதா?"

வெளியே ஓடினாள். பஸ்ஸை இரண்டு சுற்று சுற்றினாள், கடை கடையாக எட்டிப் பார்த்தாள். எஞ்சின் உறுமத் தொடங்கியது. வேறு வழியில்லாமல்தான் அந்த அறைக்குப் போனாள். அதற்குள் கோட்டோடு நுழையக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். வாசல் கொக்கியில் அக்காவின் பழுப்புக் கோட்டு தொங்கியது. உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டுவிட வேண்டும் என்று நுழைந்தாள்.

கணப்புக்குப் பக்கத்தில் அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பத்து நாளாகக் குளிருக்குப் பயந்து படுக்கையில்கூடக் கழற்றாத கோட்டு இல்லாமல், முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ரவிக்கையின் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாய் ஊக்குகள். இந்தத் தடவை தைத்தபோது, "பழைய அளவே போதும்டி" என்று டேப்பை அவள் தட்டிவிட்டது இப்போதுதான் உறைத்தது.

தொட்டதும் கண் திறந்தாள்.

"எத்தனை மாசமாக்கா?"

"ஆறு. ஆபரேஷன் பண்ணா அப்புறம் ஊரு சுத்த முடியாதுன்னுட்டார் டாக்டர். சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லலை."

ஹாரன் விடாமல் அலறியது. அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. கோட்டை மாட்டிவிட்டு, ஏறக்குறைய தூக்கிக்கொண்டுதான் பஸ்ஸில் ஏற்றினாள்.

எல்லையை நோக்கி பஸ் நகர்ந்தது. டெய்லரம்மா டேப்பை எடுத்து அக்காவின் கோட்டுக்குள் கையை விட்டாள். "பிடிச்சுத் தைக்கணும், கையைத் தூக்கு." அக்கா மறுபேச்சில்லாமல் தூக்கினாள். டேப் முப்பத்தொன்றில் வந்து நின்றது.

"எவ்வளவுடி?"

"அதே நாப்பதுதான்" என்றாள் டெய்லரம்மா.