தீமாவின் வயலில் இறங்கும் ஆகாயக் கப்பல்

இந்த ஊரில் ஆகாயக் கப்பல் இறங்குவதற்கு முன்னால் எருமைகளை விரட்டுகிறார்கள். சிவப்புக் கொடியோடு ஒருவர் திடலுக்குள் ஓடி, மேய்கிற மாடுகளை வேலியோரம் ஒதுக்கிவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பார். என் கடையில் தோசைக்குக் காத்திருப்பவர்களும் அவரோடு சேர்ந்து அண்ணாந்து பார்ப்பார்கள். நம் நாட்டில் மழைக்காகத்தான் வானத்தைப் பார்ப்போம். பினாங்குத் தீவின் தெற்கே, இந்தப் பாயான் லெப்பாஸில், பலருடைய பிழைப்பு அங்கிருந்து இறங்கி வருகிறது. எருமைகளையும் குறை சொல்ல முடியாது. கொஞ்ச காலம் முன்புவரை அவை உழுத வயல்தான் அது.

ரப்பர்த் தோட்டத்தில் ஆட்களைக் குறைத்த சமயத்தில் நானும் என் கணவர் அந்தோணியும் இங்கே வந்தோம். வயல்களை மண்போட்டு நிரவித் திடலாக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவர் செம்மண் சுமந்தார், உருளை இழுத்தார். நான் ஓரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுக் கஞ்சியும் தோசையும் விற்றேன். தமிழ்க் கூலிகளும் சீன லாரிக்காரர்களும் ஒரே பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கருவாடு விற்கும் காதர் நானா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "தங்கச்சி, ஒரு சாயா" என்பார். முட்டை விற்றவர், வாழைக்குலை கொண்டுவந்தவர் எல்லார் கையிலும் அப்போது காசு புழங்கியது.

ஒருநாள் ஒரு மலாய்ப் பெண் கொட்டகை வாசலில் வந்து நின்றாள். தரையைக் காட்டி, "தானா சாயா" என்றாள். எனக்கு அப்போது மலாய் தெரியாது. காதில் விழுந்த ஒரு சொல் தெரிந்த சொல்லாக இருந்ததால், நல்ல பாலாக ஊற்றித் தேநீர் கலந்து கொடுத்தேன். அவள் குவளையையும் என்னையும் பார்த்தாள். பிறகு அங்கேயே குந்தி உட்கார்ந்து மெதுவாகக் குடித்தாள். குவளையைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காதர் நானாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது தீமாம்மா. மலாயில தானான்னா நிலம். சாயான்னா என்னோடது. என் நிலம்னு சொல்லியிருக்கு. இந்தத் திடல்ல பாதி அவங்க வயலுதான்."

அரசாங்கம் ஈடு கொடுத்ததாம். ஆனால் அறுப்புக்கு ஆள் கூப்பிடும் வீடாக இருந்தது, அரிசிக்குக் கடைக்குப் போகும் வீடாகிவிட்டது என்றார். அன்று அடுப்பு மூட்டும்போது அடுப்போரத்து மண்ணில் பழைய நெல்தாள் தெரிந்தது. அதன்பின் அந்த இடத்தில் வெந்நீர் கொட்டக்கூட எனக்கு மனம் வரவில்லை.

தீமா அடிக்கடி வந்தாள். அவளிடம்தான் மலாய் கற்றுக்கொண்டேன். என் கணவர் நிரவிய மண்ணைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கனமாக இருந்தது.

திடல் திறந்த அன்று ஊரே திரண்டது. நான் சுட்டதெல்லாம் விற்றுப்போனது. ஆனால் அந்த வாரத்தோடு வேலை முடிந்து கூலிகள் கலைந்தார்கள். பயணிகள் வந்த மோட்டார் கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேரே டவுனுக்குப் போயின. திடலோரக் கொட்டகைகளை எடுக்கச் சொல்லி உத்தரவும் வந்தது.

"வேல முடிஞ்சிருச்சு. ஊருக்கே கப்பலேறிப் போயிடலாம். இங்க நமக்கு யாரு இருக்கா?" என்றார் என் கணவர்.

"அங்க மட்டும் என்ன வேல காத்துக்கிட்டிருக்கு?" என்றேன். அவர் கீற்றைப் பிரிக்கத் தொடங்கினார்.

பிரித்த கீற்றோடு சாலையில் நின்றபோது தீமா வந்தாள். தன் வீட்டு வாசலில் மங்குஸ்தான் மர நிழலைக் காட்டி, "சினி லா, அடேக்" என்றாள். இங்கேதான் தங்கச்சி, என்று அர்த்தம். அவளுக்கென்று மிஞ்சியிருந்த மண் அந்த வீடும் வாசலும்தான். அதிலும் எனக்கு இடம் கொடுக்கிறாயே என்று கேட்டேன். நெல் குத்தின கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, சேர்ந்து சமைக்கலாம், என்றாள்.

இப்போது என் தோசையும் அவளுடைய தேங்காய்ப்பால் சோறும் பக்கம் பக்கமாக விற்கின்றன. பயணிகளுக்காகக் காத்துக் கிடக்கும் டிரைவர்களும் மூட்டை தூக்குபவர்களும்தான் எங்கள் வாடிக்கை. தீமாவின் புருஷன் திடலில் கூலிக்குப் புல் வெட்டுகிறார். தன் வயல் எங்கே தொடங்கியது என்று அவருக்கு மட்டும் தெரியும். அந்த இடம் வந்ததும் ஒரு கணம் அரிவாளை நிறுத்துவார். என் கணவரும் அவரோடு வேலைக்குப் போகிறார். கப்பலேறும் பேச்சை எடுப்பதில்லை.

சென்ற ஞாயிறு டவுன் கோயிலில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். நாங்கள்தான் ஞானப் பெற்றோர். நாட்டிலிருந்து புதிதாக வந்த சாமியார், "உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"பாயான் லெப்பாஸ், சாமி" என்றார் என் கணவர்.

அதே நேரத்தில் நான், வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்தின் பெயரைச் சொன்னேன். சாமியார் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னதை நானும் திருத்தவில்லை, அவரும் திருத்தவில்லை.