பாதிப் பார்வையோடு ஒரு வேலை

ஆலப்பாக்கம் நிறுத்தத்தில் வண்டியை ஓரம் கட்டும்போது அது நடந்தது. நின்றிருந்த மினி லாரியில் உரசி என் பேருந்தின் இடப்பக்கக் கண்ணாடி உடைந்தது. “மச்சான், லெஃப்ட்ல வண்டி நிக்கறது தெரியலயா?” என்று கத்தினான் கண்டக்டர் செல்வம்.

தெரியவில்லை. லாரி நின்ற இடத்தில் எனக்கு இருட்டுகூட இல்லை. அந்தப் பக்கமே இல்லை.

நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. செல்வம் என்னை ஆட்டோவில் ஏற்றிக் கடலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தான். கை, கால், பேச்சு எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும் பக்கவாதம் (மூளைக்குச் செல்லும் ரத்தக்குழாய் அடைபடுவது) என்றார் டாக்டர். பார்வையைக் கவனிக்கும் பகுதி பாதிக்கப்பட்டு, இரண்டு கண்ணிலும் இடப்பாதி போயிருந்தது. கை கால் விழுந்தால்தான் பக்கவாதம் என்று நினைத்து யாரும் வீட்டில் படுத்துவிடாதீர்கள்.

“வண்டி எப்ப ஓட்டலாம் மேடம்?”

“பார்வை கொஞ்சம் தேறலாம். ஆனா பஸ் ஓட்றத மறந்துடுங்க.”

எனக்கு அழுகை வரவில்லை. ஆசைப்பட்டு ஏறிய வேலையில்லை அது. சிதம்பரத்திலிருந்து கடலூர், கடலூரிலிருந்து சிதம்பரம். “கெளம்புன எடத்துக்கே திரும்பி வர்றதெல்லாம் ஒரு வேலையா?” என்று மனைவி அமுதாவிடம் எத்தனையோ முறை சலித்துக்கொண்டிருக்கிறேன்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார்கள். தலையை இடப்பக்கம் திருப்பித் தேடிப் பார்க்கும் பயிற்சியும் இருந்தது. சாப்பிடும்போது தட்டின் இடப்பாதியில் சோறு அப்படியே கிடக்கும். அமுதா தட்டைத் திருப்பி வைப்பாள்.

ஒருநாள் கடலூர் மருத்துவமனையில் பயிற்சி முடிந்து, நான் ஓட்டிய அதே பேருந்தில் அமுதாவும் நானும் சிதம்பரம் திரும்பினோம். புது ஓட்டுநர் முன்னால் போன வண்டியைத் துரத்திக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டார். கடலூரில் ஜவுளிக்கடையில் வேலை. தினமும் இதே வண்டியில் புதுச்சத்திரம் போகிறவர்.

“அண்ணே, நீங்க எப்ப வருவீங்க? கடையில நாள் பூரா நிக்கணும். நீங்க ஓட்டுனா ஏறி உக்காந்ததும் தூங்கிடுவேன். இப்ப பயத்துல கண்ணே மூட மாட்டேங்குது.”

என் முதுகுக்குப் பின்னால் மனிதர்கள் என்னை நம்பித் தூங்கியிருக்கிறார்கள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத எனக்கு அது எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுதேன்.

மறுவாரம் பேருந்து முதலாளியைப் போய்ப் பார்த்தேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் எங்கள் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்பும் வேலையைக் கேட்டேன்.

“அதுல எப்பவும் சண்டதாம்பா. ஒடம்பு தாங்குமா?”

“தாங்கும் மொதலாளி. நம்ம வண்டி நேரத்த எவனும் திங்க விடமாட்டேன். நேரம் இருந்தா டிரைவரு ஏன் பறக்கப் போறான்?”

தினமும் அதற்காகத்தான் சண்டை போடுகிறேன். வேறு முதலாளிகளின் வண்டிக்காரர்கள் எங்கள் நேரத்தில் நின்று ஆள் ஏற்றினால் விடுவதில்லை. எல்லா நாளும் ஜெயிப்பதுமில்லை.

பார்வை திரும்பவில்லை. இடப்பக்கமிருந்து வரும் பேருந்து எனக்கு முதலில் சத்தம், பிறகு இன்ஜின் சூடு, தலையைத் திருப்பினால்தான் வண்டி. ஓட்டிய காலத்தில் நிமிடம் என்பது என்னைத் துரத்துகிற ஒன்று. இப்போது ஒரு நிமிடத்துக்குள் எவ்வளவோ நடக்கிறது. கைப்பையும் குழந்தையுமாக ஒரு பெண் படியேறுகிறாள், கம்பியைப் பிடிக்கிறாள், இடம் தேடுகிறாள். நான் தலையை மெதுவாகத் திருப்பி அவளைப் பின்தொடர்கிறேன். அவள் உட்கார்ந்த பிறகு விசில் ஊதுகிறேன்.