அக்காவின் பெட்டியும் தம்பியின் இடது கையும்

பல் டாக்டரிடம் உதவியாளராக வேலை பார்ப்பவளுக்குத் தடித்த சத்தத்தின் மேல் ஆசை வந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காலையில் கிளினிக் கதவைத் திறந்ததிலிருந்து சாயங்காலம் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மாட்டுகிற வரை, அந்தப் பல்லைத் துளைக்கிற கருவி அவள் காதருகே கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும். நாற்காலியில் படுத்திருப்பவருக்கு ஒரு பல்லோடு போயிற்று. இவளுக்கு ஊரார் வாய் மொத்தமும் பாக்கி. வீட்டுக்கு வந்து முகம் கழுவி, பேஸ் கிட்டாரை மடியில் வைத்து, இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரு முறை இழுத்துவிட்ட பிறகுதான் அவளுக்குத் தலைவலி இறங்கும்.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பாட்டுக்குழு நடத்துகிற தம்பிக்கு அவள் கூடப்பிறந்த அக்கா. டிரம்ஸ் அடிப்பவர் அவளைவிட மூத்தவர், அவருக்கும் அக்கா. டாக்டருக்கும் அக்காதான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கிட்டார் அவள் கைக்கு வந்த கதை சின்னது. குழுவில் முன்பு பேஸ் வாசித்தவன் வேறு ஊருக்கு வேலைக்குப் போனபோது, கிட்டாரைத் தம்பி தலையில் கட்டிவிட்டுப் போனான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அக்காவிடம் தம்பி, "நாலே கம்பிதான்க்கா. நீ கூட வாசிக்கலாம்," என்றான். அவனுக்கு அது ஒரு பேச்சு. அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. விரல் நுனி கொப்புளித்து, தோல் உரிந்து, காய்ப்பு ஏறுகிற வரை விடாமல் வாசித்தாள். கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, அவர்கள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் வாசித்தாள்.

குழு பெரிய குழு ஒன்றும் இல்லை. தம்பி கீபோர்டு. பாடுவது அவன் மனைவி. டிரம்ஸ் அடிப்பவர் பகலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, பட்டப்பெயர் இடி. சனிக்கிழமைதோறும் ஒரு ஓட்டலின் மாடி அரங்கில் இவர்கள் வாசிப்பார்கள், ஜனங்கள் ஆடுவார்கள். எல்லோருடைய சத்தமும் தம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் மிக்சருக்குள் போய்த்தான் வெளியே வரும். ஆளுக்கொரு விசை, மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். அக்காவின் விசையில் தூசி படிந்திருக்கும், அதை யாரும் மேலே தள்ளியதே இல்லை.

இதெல்லாம் இப்படியே போயிருக்கும். ஒரு சனிக்கிழமை டாக்டர் குடும்பத்தோடு அந்த அரங்குக்கு வந்துவிட்டார். திங்கட்கிழமை கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"நிகழ்ச்சி நல்லா இருந்துச்சு அக்கா. நீங்க கையில வச்சிருந்தீங்களே, அதுல சத்தம் வருமா?"

மனிதர் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. பஞ்சை எடுத்து நீட்டியபடி, "வரும் டாக்டர். வர வைக்கிறேன்," என்றாள்.

அன்று சாயங்காலமே தம்பியிடம் போய், தனக்கென்று ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கப்போவதாகச் சொன்னாள். இனிமேல் தன் சத்தம் தன் பெட்டியிலிருந்தே வரும் என்றாள். தம்பி பெரிய ஞானி போலச் சிரித்தான்.

"பேஸ் காதுல கேக்கக் கூடாதுக்கா. மனசுல உணரணும்."

"உணர்றதுக்கும் கொஞ்சம் சத்தம் வேணும்டா."

இசைக்கருவிக் கடை ஒரு மாடியில் இருந்தது. அக்கா தன் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினாள். கடைக்காரர், உட்காரவே தெரியாத மனிதர், அவளைப் பார்த்ததும் சாப்பாட்டுக் கூடை அளவில் இருந்த ஒரு புதுப் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு கையால் தூக்கலாம் என்றார். தூக்கியும் காட்டினார். பிறகு ஒரு கிட்டாரைச் சொருகி, கட்டைவிரலால் கம்பிகளைப் படபடவென்று அடித்து ஒரு வித்தை காட்டினார்.

"நீங்க வாசிக்கிறது நல்லாத்தான் இருக்குண்ணே," என்றாள் அக்கா. "ஆனா சனிக்கிழமை நீங்க வர மாட்டீங்க. நான்தான் வாசிக்கணும்."

அவள் பார்க்கும் விதமே வேறு. தடித்த கம்பியில் ஒரே ஒரு ஸ்வரம். இழுத்துவிட்டு, உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்து, அது முழுசாக அடங்குகிற வரை காத்திருப்பாள். புதுப் பெட்டியில் சத்தம் சுத்தமாக வந்தது, சுத்தமாக நின்றது, கையில் ஒன்றும் தங்கவில்லை. பழைய காலத்துச் சத்தம் வேண்டுமென்றால் இதை அழுத்துங்கள் என்று கடைக்காரர் ஒரு பொத்தானைக் காட்டினார். அழுத்தினாள். புதுச் சட்டையை டீத்தண்ணீரில் முக்கிப் பழசு என்று விற்பது போல இருந்தது.

"அது என்ன?" என்று மூலையைக் காட்டினாள். அட்டைப்பெட்டிகள் அடுக்கிய குவியலுக்கு அடியில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"அது வேணாம்மா. வால்வு வச்ச பழைய செட்டு. பொணக் கனம். போட்டா சூடாக நேரம் எடுக்கும். இப்பெல்லாம் யாரும் அதைக் கேக்குறதில்ல."

"நான் கேக்குறேன்ல."

முணுமுணுத்துக்கொண்டே அட்டைப்பெட்டிகளை இறக்கினார். கீழே அவள் இடுப்பு உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி, அதன் தலையில் குமிழ்கள் வைத்த இன்னொரு பெட்டி. முன்பக்கத் துணி ஓரத்தில் கிழிந்திருந்தது. முதல் விசையைப் போட்டதும் பின்னால் கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகள் மெல்லச் சிவந்தன. சூடேறட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இரண்டாவது விசையைப் போட்டார். அக்கா கம்பியை இழுத்தாள்.

சத்தம் அவசரப்படாமல் வந்தது. உருண்டு, தடித்து, உள்ளங்கை வழியாக ஏறி நெஞ்செலும்பில் போய் உட்கார்ந்தது. இத்தனை வருஷம் தன் விரலுக்குள் இதுதான் இருந்திருக்கிறது, தானே கேட்டதில்லை என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதைக் கடைக்காரருக்குக் காட்ட இஷ்டமில்லாமல் குமிழ்களைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள். குனிந்தவள் அடிச்சத்தக் குமிழைக் கடைசி வரை திருப்பினாள். நடுச்சத்தத்தையும் மேல்சத்தத்தையும் ஒரேயடியாகக் குறைத்தாள். இப்போது தேனாக வழிந்தது.

"தனியா வாசிக்கிறப்போ தேனாத்தாம்மா இருக்கும்," என்றார் கடைக்காரர். "நாலு பேரோட வாசிச்சாதான் வண்டவாளம் தெரியும். ஒரு வாரம் கொண்டுபோய்ப் பாருங்க. சரிப்படலைன்னா திருப்பிக் குடுத்துருங்க."

புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருவரும் சேர்ந்து பெட்டியை வேனில் ஏற்றினார்கள். "இதுக்குத் தனி சீட்டு போடணும்," என்றார் அவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த விஷயத்தில் அவள் கொடுத்துவைத்தவள்.

ஒத்திகை தம்பி வீட்டுக் கார் ஷெட்டில். அக்கா பெட்டியைத் தனக்குப் பின்னால் நிறுத்தி, வால்வு சூடாகக் காத்திருந்து, முதல் பாட்டில் கம்பியை இழுத்தாள். காணோம். கடையில் நெஞ்சில் உட்கார்ந்த சத்தம் இங்கே போன இடம் தெரியவில்லை. கூட்டி வைத்தாள். ஷெட்டின் தகரக் கதவு கடகடத்ததுதான் மிச்சம். எல்லாம் குழம்பிக் கூழானது. தம்பி வாசிப்பதை நிறுத்தினான்.

"அக்கா, போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

இடி சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று குச்சியைப் பார்த்தார். அக்காவுக்கு முகம் எரிந்தது. அந்த நேரம் தம்பிக்குப் போன் வந்தது. "நீங்க ஓட்டிக்கிட்டு இருங்க," என்று வெளியே போனான்.

மற்ற மூவரும் பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தார்கள். அப்போதுதான் அது நடந்தது. அக்காவின் சத்தம் வந்துவிட்டது. கொஞ்சம் மொத்தையாகத்தான் வந்தது, ஆனாலும் வந்தது. டிரம்ஸின் ஒவ்வொரு அடிக்கும் கீழே அது நின்றது. பாடிக்கொண்டிருந்த தம்பி மனைவி பாட்டை விடாமலே தலையைத் திருப்பி, யார் புதிதாக வந்திருப்பது என்பது போல அவளைப் பார்த்தாள். தம்பி திரும்பி வந்து கீபோர்டில் உட்கார்ந்தான். சத்தம் மறுபடி காணாமல் போயிற்று.

அக்கா முதல் முறையாக அவன் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள். வலது கை பாட்டை வாசித்தது. இடது கை கீபோர்டின் கடைசி ஓரத்தில், அடிச்சத்தக் கட்டைகளில், அவள் வாசிப்பதையே வாசித்துக்கொண்டிருந்தது.

"உன் இடது கை என்னடா பண்ணுது?"

"எது? இதுவா? சும்மா ஒரு பக்கபலம்க்கா. நீ தப்பு விட்டா யாருக்கும் தெரியக் கூடாதில்ல."

"எப்போலேருந்து?"

"ஆரம்பத்துலேருந்தே," என்றான், ஏதோ நல்லது செய்தவன் குரலில்.

கொப்புளம் வெடித்த விரலெல்லாம் அவளுக்கு அந்த நிமிஷம் மறுபடி வலித்தது. மிக்சரில் தன் விசை ஏன் கீழேயே கிடந்தது என்பதும் புரிந்தது. ஒரு வேலைக்கு அவன் இரண்டு பேர் வைத்திருக்கிறான், இரண்டாவது ஆள் இவள்.

"இனிமே வேணாம். கைய எடுத்துரு."

"அது பழகிப்போச்சுக்கா, வராது. நீ முதல்ல இந்தப் பெட்டியத் திருப்பிக் குடு. சனிக்கிழமை எப்பவும் போல என் மிக்சர்ல சொருகு. இல்லைன்னா நீ சிரமப்பட வேணாம். பேஸை என் இடது கையே பாத்துக்கும்."

அக்கா கிட்டாரை உறையில் போட்டாள்.

கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், காதை ஏமாற்ற அவளால் முடியவில்லை. தம்பி கை இல்லாதபோதும் சத்தம் மொத்தையாகத்தானே இருந்தது? அது அவன் குற்றமில்லை, தன் குற்றம். கடையில் தனியாக உட்கார்ந்து தேன் தேன் என்று அடிச்சத்தத்தை அள்ளிக் கொட்டியது அவள்தான். மறுநாள் வேலை முடிந்து வந்ததும் புருஷனை ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொன்னாள். பாட்டோடு சேர்ந்து வாசித்துக்கொண்டே அடிச்சத்தக் குமிழைக் குறைத்தாள். நடுச்சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினாள். ரேடியோவை நிறுத்தினால் மூக்கால் பேசுவது போலிருந்தது. வைத்தால் பாட்டுக்கு நடுவில் தெளிவாக நின்றது. வால்யூமை இன்னும் ஒரு துளி ஏற்றியதும் வால்வுகளிலிருந்து லேசான கரகரப்பு ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது, தூங்கி எழுந்தவர் முதல் பேச்சு போல. அதுதான். அவளுக்கு வேண்டியது அதுதான். குமிழ்கள் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க வருவாங்க," என்றார் புருஷன்.

"வரட்டும். கேட்டுட்டுப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை கடைக்குப் போய், பெட்டி திரும்பி வராது என்று சொல்லிவிட்டு வந்தாள். கடைக்காரருக்கு நம்பமுடியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் கண்ணாடி அலமாரியிலிருந்து முட்டை வடிவக் கிலுகிலுப்பை ஒன்றை எடுத்து, "இது நம்ம அன்பளிப்பு. வீட்ல புள்ளைங்களுக்குக் குடுங்க," என்றார். வீட்டில் சின்னப் பிள்ளை என்று யாருமில்லை. இருந்தாலும் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை மற்றவர்களுக்கு முன்பே அரங்குக்கு வந்து, புருஷனும் அவளுமாகப் பெட்டியைச் சாமான் லிஃப்டில் ஏற்றி மேடையில் வைத்துவிட்டார்கள். தம்பி உள்ளே வரும்போது வால்வுகள் சிவந்திருந்தன. அவன் மிக்சரிலிருந்து வந்த கேபிளை அவளிடம் நீட்டினான்.

"சொருகு."

"மாட்டேன்."

"வம்பு பண்ணாதக்கா. ஆளுங்க வந்தாச்சு."

"இத்தனை வருஷம் பண்ணாத வம்பு. இன்னைக்கு ஒரு நாள் பண்ணிக்கிறேன்."

ஆட்கள் முன்னால் அக்காவை இறக்கிவிட முடியுமா? முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். முதல் பாட்டு தொடங்கியது. அவன் இடது கையால் ஓங்கி ஓங்கி அழுத்தினான். அரங்கின் பெரிய ஸ்பீக்கர்களிலிருந்து அவன் சத்தம், அவள் பெட்டியிலிருந்து அவள் சத்தம், இரண்டும் முட்டிக்கொண்டு மறுபடி அதே கூழ். ஆடுகிறவர்கள் கால் வைக்க இடம் தெரியாமல் தடுமாறினார்கள். தம்பி மனைவி எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்காமல் விட்டாள். தம்பி அக்காவைப் பார்த்தான். பார்த்தாயா என்று கேட்கிற பார்வை.

அக்கா வாசிப்பதை நிறுத்தினாள். தன் கைப்பையைத் திறந்து எதையோ எடுத்தாள். கிட்டார் கழுத்தில் தொங்க, கேபிள் எட்டுகிற தூரம் வரை இழுத்துக்கொண்டு கீபோர்டுக்கு வந்தாள். அவன் இடது மணிக்கட்டைப் பிடித்துக் கட்டைகளிலிருந்து தூக்கினாள். விரல்களைப் பிரித்துக் கிலுகிலுப்பையை வைத்து மறுபடி மூடினாள். இவன் கைக்குழந்தையாக இருந்தபோது அழுகையை நிறுத்த இதே போல எத்தனையோ தடவை வைத்திருக்கிறாள்.

"இந்தக் கைக்குச் சும்மா இருக்க முடியலைன்னா இத ஆட்டுடா."

பக்கத்தில் நின்ற தம்பி மனைவியின் மைக் அதைப் பிடித்து அரங்கம் முழுக்கச் சொல்லிவிட்டது. ஜனங்கள் சிரித்தார்கள். தம்பி மனைவி மைக்கை நகர்த்தவில்லை. தம்பியின் காது சிவந்தது. வலது கை மட்டும் பழக்க தோஷத்தில் வாசித்துக்கொண்டே இருந்தது.

அக்கா தன் இடத்துக்குத் திரும்பிவந்து தடித்த கம்பியை இழுத்தாள். இப்போது குறுக்கே யாரும் இல்லை. சத்தம் கொஞ்சம் கரகரத்து, உருண்டு, மேடைப் பலகை வழியாக இறங்கி ஆடுகிறவர்களின் காலடிக்குப் போயிற்று. ஒரு கிழவரும் அவர் மனைவியும் முதலில் தாளத்துக்குக் கால் போட்டார்கள். பிறகு மற்றவர்களும். இடி வாயெல்லாம் பல்லாக அடித்தார்.

தம்பி கிலுகிலுப்பையைக் கீழே போட்டிருக்கலாம். போடவில்லை. ஆட்டிப் பார்த்தான். தாளம் தப்பியது. மறுபடி ஆட்டினான், மறுபடி தப்பியது. யாராவது கவனித்தார்களா என்று அக்கா பக்கம் திரும்பினான்.

"நீ ஆட்டு," என்றாள் அக்கா. "தப்பு விட்டா யாருக்கும் தெரியாது. நான் வாசிக்கிறேன்ல."