கோமு வாய் திறந்து கேட்கட்டும்

இந்த ஊரில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை நிற்கிறார்கள். திருவனந்தபுரத்துக்கு வந்த புதிதில் எனக்கு இது பெரிய விசித்திரமாக இருந்தது. நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்காரம்மா லதிகா சேச்சி. காலையில் பால் பாக்கெட் எடுக்க வாசல் கேட்டுக்கு வருகிறவர், என் இடுப்பில் இருக்கும் மகள் கோமதியைப் பார்த்து, "மோளே, சாயா குடிச்சோ?" என்பார். கேட்டுவிட்டுப் போய்விட மாட்டார். பால் பாக்கெட்டிலிருந்து ஈரம் சொட்டச் சொட்ட, ஒரு பெரிய மனுஷியிடம் கேட்டது மாதிரி மரியாதையாக நிற்பார். திருநெல்வேலியில் எனக்குத் தெரிந்து யாரும் அப்படி நின்றதில்லை. "சாப்ட்டியாட்டி?" என்று கன்னத்தைக் கிள்ளுவார்கள், "சாப்ட்டா, சாப்ட்டா" என்று பதிலையும் தாங்களே சொல்லிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் லீவுக்கு ஊருக்குப் போனபோதும், இரண்டு வயது தாண்டிய எங்கள் கோமு பேசவில்லை என்பது அங்கே யாருக்கும் உறைக்கவே இல்லை. இங்கே அது தினமும் காலையில் கேட்டடியில் வைத்து வெளிச்சமாகிவிடும். சேச்சி நிற்பார், கோமு அவர் முகத்தையே பார்ப்பாள், நான் பொறுக்கமாட்டாமல் "குடிச்சு சேச்சி, குடிச்சு" என்று சொல்லி அவரை அனுப்பிவைப்பேன்.

நான் ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதுதான் தொழில். திருநெல்வேலி டவுனில் வேலை பழகினேன். இங்கே சாலைக் கடைவீதியில் ஒரு கடையில் நல்ல சம்பளத்துக்கு ஆள் கேட்டார்கள் என்று மனைவி செண்பகத்தையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்தேன். தொழில் ஒன்றுதான் என்றாலும் துணி வேறு. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அரக்கும் மயில்கழுத்துப் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்க வேண்டும். இங்கே ஓணம் வந்தால் கடை முழுக்க ஒரே வெள்ளை, ஓரத்தில் ஒரு விரல்கடை ஜரிகை. முதல் வருஷம் அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்து எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. இப்போது அந்த வெள்ளையிலேயே பத்து வெள்ளை இருப்பது தெரிகிறது.

எங்கள் தொழிலுக்கு ஒரு பாடம் உண்டு. வாடிக்கையாளர் வாய் திறந்து கேட்கும்வரை காத்திருக்கிறவன் கவுண்டரில் நிற்க லாயக்கில்லாதவன். கண் எந்த அலமாரியில் போய் நிற்கிறது, விரல் எந்தக் கரையைத் தடவிப் பார்க்கிறது, பக்கத்தில் நிற்கும் மாமியார் முகம் எங்கே சுளிக்கிறது என்று பார்த்து, கேட்பதற்கு முன்னால் புடவையை உதறி விரித்துவிட வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன். பெருமைக்குச் சொல்லவில்லை, இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். கோமு கண்ணை உயர்த்தினால் தண்ணீர். உதட்டைப் பிதுக்கினால் பிஸ்கட். ஜன்னல் பக்கம் ஒரு பார்வை போனால் போதும், தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவேன். செண்பகமும் சளைத்தவள் இல்லை. "எம் பிள்ளைக்கு என்ன வேணும்னு அவ மூச்சு விடுதத வச்சே சொல்லிருவேன்" என்பாள். இவ்வளவு நல்ல கடையில் எந்த வாடிக்கையாளர்தான் வாயைத் திறப்பார்?

ஒருநாள் சேச்சி மாடிக்கே ஏறி வந்துவிட்டார். "இவள் ஒன்னும் மிண்டுனில்லல்லோ" என்று, பிள்ளை வாயே திறக்காததைப் பற்றிக் கவலையாக ஆரம்பித்தார். அவருக்கு எங்களோடு பேசும்போது பாதித் தமிழ் வரும். "ரெண்டு பாஷ கேட்டா கொச்சு கன்ஃபியூஸ் ஆவும். நாள ஸ்கூலில் போவண்டே? வீட்டில மலையாளம் மாத்ரம் பறஞ்ஞா மதி." நல்ல மனதோடுதான் சொன்னார். அன்று முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அதையே பேசினோம். பள்ளிக்கூடத்தில் மலையாளம், தெருவில் மலையாளம், நாளைக்கு இவளோடு விளையாடப் போகிற பிள்ளைகள் எல்லாம் மலையாளம். நம் தமிழ்தான் பிள்ளையின் நாக்கில் கல்லைத் தூக்கிப் போட்டதோ என்று செண்பகம் அழுதாள். மறுநாளிலிருந்து வீட்டில் தமிழை நிறுத்துவது என்று முடிவெடுத்தோம்.

இக்கரைக்கு வருகிற திருநெல்வேலிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. மலையாளம் என்ன பெரிய கம்பசூத்திரமா, நம் பேச்சையே மூக்கால் கொஞ்சம் இழுத்தால் ஆயிற்று என்று. நானும் அந்த நினைப்பில்தான் இருந்தேன். மகளை மடியில் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தபோதுதான், எனக்குத் தெரிந்த மலையாளம் முழுவதும் கடை மலையாளம் என்பது விளங்கியது. "எந்தா வேண்டத்?" "இது நோக்கூ." "வேறெ களர் உண்டு." "நல்லதாணு, அலக்கியா சாயம் போவில்லா." இவ்வளவுதான் சரக்கு. இதை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையை எப்படிக் கொஞ்சுவது? தோசையை நீட்டி, "மோளே, இது நோக்கூ, நல்லதாணு" என்றேன். கடைக்குப் புதிதாக வந்த செட்முண்டுத் துணியைப் பார்ப்பது போலக் கோமு தோசையைப் பார்த்தாள். செண்பகத்துக்கு அந்தச் சரக்கும் கிடையாது. 'வா', 'இரி', 'வேண்டா' என்ற மூன்றோடு அவள் சொத்து முடிந்தது. அதற்கு முன் நாளெல்லாம் பிள்ளையோடு வம்பளந்துகொண்டு, குளிப்பாட்டும்போது பாட்டு, தலை சீவும்போது திட்டு என்று இருந்தவள், இப்போது ஊமை மாதிரி வேலை செய்தாள். ஏற்கெனவே இந்த ஊர் வீடுகள் தென்னைக்கும் பலாவுக்கும் நடுவில் தனித்தனியாக நிற்கின்றன. பக்கத்து வீட்டுச் சண்டைகூடக் காதில் விழாது. எங்கள் வீட்டுச் சத்தமும் நின்றுபோயிற்று. பேச வேண்டிய பிள்ளைக்காகப் பேசத் தெரிந்த இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

கொஞ்ச நாளில் கோமு முனகுவதையும் விட்டுவிட்டாள். அப்போதுதான் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதலில் காதைச் சோதித்தார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஜாஸ்மின் என்ற பெண்ணிடம் அனுப்பினார்கள். எல்லையோரத்துப் பாறசாலைப் பக்கத்துக்காரர், வீட்டில் தமிழ், படிப்பு மலையாளம். பாயில் பொம்மைகளைப் பரப்பி, "வீட்டில எப்பிடி விளையாடுவியளோ அப்பிடி விளையாடுங்க, நான் சும்மா பாத்துட்டிருக்கேன்" என்றார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கோமுவின் கண் ஒரு சிவப்புக் காரின் மேல் போயிற்று. போன வேகத்தில் கார் அவள் கையில் இருந்தது. "மோளே, இது நோக்கூ. வேறெ களர் உண்டு" என்று நீலக் காரையும் எடுத்துப் போட்டேன்.

ஜாஸ்மின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அண்ணே, நீங்க துணிக்கடையிலயா வேல செய்யிய?"

"ஆமா மேடம். எப்படித் தெரியும்?"

"பிள்ளைட்டயும் கவுண்டர்ல நிக்கமாதிரியில்லா நிக்கிய. அவ என்னத்துக்குப் பேசணும்? கேக்கதுக்கு முன்னால எல்லாம் வந்துருதே."

செண்பகத்தின் கண் கலங்கிவிட்டது. "எங்களாலதான் இப்பிடி ஆயிட்டாளா?" என்று கேட்டாள். ஜாஸ்மின் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பிடி நான் சொல்லவே இல்ல, கேட்டோ. சில பிள்ளைய லேட்டாத்தான் பேசும். யாரு மேலயும் குத்தமில்ல. ஆனா நாம வழி விட்டுக் கொடுக்கணும். கொஞ்சம் பொறுக்கணும். அவளுக்கு வேண்டிய சாதனத்தக் கையில வச்சிக்கிட்டு, மொகத்தப் பாத்து, சும்மா இருக்கணும். சில நேரம் வேணும்னே தப்பாக் கொடுங்க. அவளுக்கே தோணணும், சொல்லாம காரியம் நடக்காதுன்னு." பிறகு எங்கள் மலையாளத்துக்கு வந்தார். "இந்த மலையாளத்த யாரு பேசச் சொன்னா? உங்களுக்கு எந்த பாஷையில சண்ட போட வருமோ, எந்த பாஷையில கொஞ்ச வருமோ, அதுல பேசுங்க. ரெண்டு பாஷ கேட்டா பிள்ள ஒன்னும் கொழம்பாது. வீட்டில பேச்சே இல்லாட்டாதான் கஷ்டம்." அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போதே செண்பகம் பிள்ளையைத் திட்டத் தொடங்கிவிட்டாள். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

பேசுவது எளிதாகத் திரும்பி வந்தது. பொறுப்பதுதான் என் உயிரை வாங்கியது. இத்தனை வருஷம் பழகிய கை. அவள் கண் போன திசைக்கு அது தானாகவே போகும். செண்பகம் என் கையில் ஓர் அடி போட்டு இழுப்பாள். வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சும்மா இருக்க, என் மகள் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பாள். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கவலைப்படுவது எனக்கு நன்றாகத் தெரியும். பிள்ளையைப் பட்டினி போடுகிற பாவி போல இருக்கும். பல நாள் நான்தான் முதலில் தோற்றேன். மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாமல் கண்ணில் பட்டதைச் சொல்லிக்கொண்டிருப்போம். குளிக்கும்போது கை, கால், முதுகு; சமையலில் வெங்காயம், கண்ணீர்; மாடிப்படியில் அணில் வந்தது, அணில் போனது. அவள் ஒரு சத்தம் போட்டால், அதையே திருப்பிச் சொல்லி ஒரு சொல் சேர்ப்போம். வெளியூரில் பிள்ளை வளர்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்லுவேன். இதற்குத் தனியாக நேரம் ஒதுக்கி உட்கார வேண்டியதில்லை. செய்கிற வேலையைச் சத்தமாகச் செய்தால் போதும்.

கடைக்கு லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்முடி பஸ்ஸில் கல்லாறு வரைக்கும் போனோம். ஜன்னலோரம் கோமு; நான் அவள் காதில் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். "மரம் பாரு. மாடு போகுது. அந்தா, கடை எல்லாம் வருது." விதுரா தாண்டியதும், முன் சீட்டிலிருந்த பெரியவர் திரும்பினார். "இனி பாலம் வரும். நிங்ஙள்க்கு எவிடே இறங்ஙணம்?" என்று அக்கறையாகக் கேட்டார். ஊருக்குப் புதியவன் வழி தெரியாமல் புலம்புகிறான் என்று நினைத்துவிட்டார் போல. இல்லை, பிள்ளையோடு பேசுகிறேன் என்று சொல்லலாம். சொன்னால், பதில் பேசாத பிள்ளையைப் பார்த்து அவர் இன்னொரு கேள்வி கேட்பார். அதனால் "கல்லாறு" என்று மட்டும் சொன்னேன். அந்த நல்ல மனிதர் அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பி, "ஆயிட்டில்லா", இன்னும் வரவில்லை என்று எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆற்றோரத்தில் ஒரு சின்னக் கடை. கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரியும் பருப்புவடையும் இருந்தன. கோமுவின் கண் நேந்திரம் பழத்தை மாவில் தோய்த்து எண்ணெய் மினுங்கப் பொரித்த அந்தப் பழம்பொரியில் போய் ஒட்டிக்கொண்டது. என் கை கிளம்பியது. செண்பகம் என்னைப் பார்த்தாள். நான் ஒரு பருப்புவடையை எடுத்து நீட்டினேன். கோமு தள்ளினாள். "வடை வேணுமாட்டி?" என்று மறுபடி நீட்டினேன். முகம் சிவந்தது. மறுபடி தள்ளினாள். நான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் காலை உதைத்து, மூச்சை இழுத்து, "வேணாம்!" என்று கத்தினாள்.

கடையில் நிற்கிறவன் உலகத்திலேயே பயப்படுகிற சொல் ஒன்று உண்டென்றால் அது 'வேண்டாம்'தான். புடவை மலைபோலக் குவிந்த பிறகு அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனையோ நாள் எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. அன்று அதைக் கேட்டு நான் அழுதேன். வடையும் கையுமாக, கடை வாசலில் உட்கார்ந்து தேம்பி அழுதேன். "சொல்லிட்டாளே! ஏங்க, கேட்டியளா, சொல்லிட்டாளே!" என்று செண்பகம் என் முதுகில் அடித்தாள். கடைக்காரர் என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் வெளியே வந்தார். "எந்து பற்றி சேட்டா? வட கேடாயோ?" நல்ல வடை, ரொம்ப நல்ல வடை என்று நான் எவ்வளவு சொல்லியும் நம்பாமல், அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, கோமுவிடம் ஒரு பழம்பொரியைக் கொடுத்தார். அவள் அதற்குள் அடுத்த 'வேணாம்' சொல்லத் தயாராகிவிட்டாள். அன்று முழுக்க ஆற்றையும் கல்லையும் எங்களையும் வேண்டாம் என்றாள்.

அதற்குப் பிறகு சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதலில் வந்தவை எல்லாம் எங்கள் வீட்டுத் தமிழ்ச் சொற்கள். பிறகு பக்கத்துத் தெரு பிளே ஸ்கூலில் சேர்த்தோம். மலையாளம் மடை திறந்த மாதிரி வந்தது. இப்போது எங்கள் பாடு வேறு. நான் தமிழில் கேட்கிறேன், அவள் மலையாளத்தில் பதில் சொல்லிவிட்டு ஓடுகிறாள். சேச்சியோடு கேட்டடியில் நின்று அவள் பேசுகிற வேகத்தில் பாதி எனக்குப் புரிவதில்லை. "நாம பேசுனதெல்லாம் எங்கங்க போச்சு?" என்று செண்பகம் கேட்கிறாள். ஜாஸ்மினிடம் கேட்டேன். "எங்கயும் போவாது. நீங்க பேசிட்டே இருங்க" என்றார். பிள்ளை பேசினால் போதும், எந்தப் பேச்சானாலும் சரி என்று வேண்டிக்கொண்டவன்தான் நான். வேண்டியது கிடைத்த பிறகு இப்படி மனம் கிடந்து அடித்துக்கொள்வது நியாயமில்லை என்பதும் தெரிகிறது. ஆனாலும் அடித்துக்கொள்கிறது.

இந்த வாரம் ஒருநாள் காலை, கடைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே கோமு தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து நான் கொண்டுவந்த வெட்டுத்துணியைச் சுருட்டிப் பிள்ளையாக்கி, சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "என்னட்டி வேணும்? வாயத் தெறந்து சொல்லு" என்றாள். அது நான். என் இழுப்பு, என் அதட்டல், அதட்டலுக்குக் கீழே கிடக்கிற என் கெஞ்சல்கூட. சொல்லிவிட்டு அவள் சும்மா இருந்தாள், என்னைவிடப் பொறுமையாக. பிறகு துணிப்பிள்ளைக்காகக் குரலை மெலிதாக்கி, "எனிக்கு வீட்டில் போணம்" என்று சிணுங்கினாள். பிளே ஸ்கூலில் மதியத்துக்கு மேல் எல்லாப் பிள்ளைகளும் சிணுங்குகிற அதே மலையாளம். அவள் விளையாட்டில் அப்பாவுக்குத் தமிழ், பிள்ளைக்கு மலையாளம் என்று எப்போதோ பிரித்தாகிவிட்டது.

அப்பாவாக இருந்த கோமு கொஞ்சம் யோசித்தாள். துணிப்பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தட்டிக்கொடுத்தாள். "இதான்ட்டி நம்ம வீடு" என்றாள், சுத்தமான திருநெல்வேலிப் பேச்சில். "வேற எங்க போவ?"

குரல் என்னுடையதுதான்; ஆனால் இந்த மாடியை நம் வீடு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் பாதமுமாக வாசற்படியில் நின்று, அவள் சொன்னதை எனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.