சுட்டவை: இல்லை

அவர் பல்லடத்தில் விசைத்தறி வைத்திருந்தார். புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். நான் வன அலுவலகத்தில் எழுத்தராக இருந்தபோது, வேட்டை லைசென்ஸைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் வருவார். படிவத்தில் 'சென்ற ஆண்டு சுட்டவை' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதி அடிக்கோடு போடுவார். பொய் என்றே நினைத்தேன். அவர் ஊர்ப் பக்கம் கவுதாரிக்குப் பஞ்சமே கிடையாது.

எழுபதுகளில் புதுச் சட்டம் வந்தது.

"இனிமேல் லைசென்ஸ் கிடையாதுங்க. யாரும் சுடக் கூடாது" என்றேன்.

அவர் அந்த ஆண்டுக்கெனக் கொண்டுவந்த படிவத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார்.

"இத்தன வருசம் நானாத்தானுங்க சுடாம இருந்தேன். இனிச் சட்டத்துக்குப் பயந்துக்கிட்டுன்னு ஆயிடுமுங்களே."

அந்தப் படிவத்திலும் 'இல்லை' என்று எழுதி, அடிக்கோடு போட்டு, என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதை எந்தக் கோப்பில் சேர்ப்பதென்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.