இரும்புக்காரியின் முடிவை மாற்றியவர்

பத்திரிகையை விரித்தபோது என் கதை மூன்றாம் பக்கத்தில் இருந்தது. தலைப்பு என்னுடையது. முக்கால்வாசி வரை வரிகளும் என்னுடையவை. முடிவை மட்டும் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் இதை எழுத உட்கார்ந்தால் எனக்கு உடம்பு கொதிக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மலாயாவில் பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். ஒரு நாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியோடு பள்ளியைப் பார்க்க வந்தார். மரம் வெட்டிப் பால் எடுக்க ஓர் இயந்திரம் வந்தால் தேவலை, அதற்குக் காய்ச்சல் வராது, பிள்ளை பிறக்காது, வாயும் இருக்காது என்று சொல்லிச் சிரித்தார். கிராணியும் சேர்ந்து சிரித்தார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதை இருவரும் பொருட்படுத்தவில்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் பால்மரம் வெட்டுபவர், பட்டையைச் சீவி ரப்பர் பால் இறக்குகிறவர். வாசலில் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பட்டைய எவ்வளவு ஆழம் சீவணும்னு மரத்துக்கு மரம் பாத்துத்தான் தெரியும் டீச்சர். கொஞ்சம் கூடிப் போனா மரம் புண்ணாயிரும். அதுக்கு மூளை வேணும்லா."

"மூளையையும் வச்சே செஞ்சுட்டா?"

"அலமாக்! மூளைய வச்சப்புறம் அது எப்படி வாய மூடிக்கிட்டு இருக்கும்? நம்மள மாதிரி அதுவும் கேள்வி கேக்கும்தானே?"

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் கதை வந்தது. பள்ளி விட்டபின் உட்கார்ந்து பத்து நாளில் எழுதினேன். கப்பலில் வந்திறங்கும் ஓர் இரும்புப் பெண். மற்ற பெண்களைப் பார்த்துப் பார்த்தே மரம் வெட்டக் கற்கிறாள்; அப்படியே யோசிக்கவும் கற்றுக்கொள்கிறாள். ஒரு காலை பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு பாலும் யாருக்கு?" என்று துரையைக் கேட்கிறாள். அவர் பதில் சொல்லும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறாள். அவ்வளவுதான் கதை. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கும் நாலைந்து பெண்களுக்கும் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இரும்புக்காரி" என்று அவளுக்குப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். அதையே தலைப்பாக்கி சிங்கப்பூரில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன்.

அச்சில் வந்த கதையில் இரும்புக்காரிக்குப் பைத்தியம் பிடிக்கிறது. ரப்பர் தகடுகளைக் காயவைக்கும் புகைக் கொட்டகைக்குத் தீ வைக்கிறாள். உள்ளே ஒரு குழந்தை கருகிச் சாகிறது. துரை அவள் தலையைத் திறந்து மூளையைக் கழற்றி எறிகிறார். அதன்பின் அவள் வாய் பேசாமல் சந்தோஷமாக மரம் வெட்டுகிறாள். கடைசியில் ஒரு நீதி: படைத்தவனை மீறும் அறிவு பாழுக்கே வழி.

பால் நிறுத்து முடிந்த நேரத்தில் ஆபீஸ் வாசலில் நின்று கிராணி அதை உரக்கப் படித்தார். நீதியை இரண்டு தடவை படித்தார். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

"எங்ககிட்ட படிச்சப்ப அவ தீ வைக்கலியே டீச்சர்," என்றார் அக்கா.

"நான் அப்படி எழுதலக்கா."

"உங்க பேருதானே போட்டுருக்கு?"

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அவர் வாயிலிருந்து வந்த நினைப்பை எவனோ அவருக்கு எதிராகவே திருப்பியிருந்தான். அதற்கு என் பெயரையும் போட்டிருந்தான்.

லீவு எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். பத்திரிகை ஆபீஸில் கதையின் பெயரைச் சொன்னதும் ஆசிரியர் மரியாதையாகத்தான் எழுந்து நின்றார்.

"வாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் வரலியா? நல்லா எழுதுறாரு."

"எனக்குக் கல்யாணம் ஆகல. எழுதினது நான்."

அவர் சற்றுத் தடுமாறினார். பிறகு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"கற்பனை பிரமாதம்மா. ஆனா முடிவே இல்லையே? அவ பாட்டுக்கு உக்காந்துக்குறா. அப்புறம்?"

"அப்புறம் துரை பதில் சொல்லணும். அவர்கிட்ட பதில் இல்ல. அதுதான் முடிவு."

"யோசிக்கிற இயந்திரம்னா ஜனங்க பயப்படுவாங்க. ஒரு புத்திமதி சொல்லி முடிச்சாத்தான் மனசு ஆறும்."

"எங்க தோட்டத்து ஜனங்க பயப்படல. சிரிச்சாங்க. பயந்தது நீங்க."

அவர் முகம் சிவந்தது. அடுத்த இதழில் இந்த முடிவு நான் எழுதியதல்ல என்று ஒரு வரி போடச் சொன்னேன். அப்படிப் போட்டால் பத்திரிகைக்கு மரியாதை இருக்காது என்றார். என் மரியாதை என்ன ஆவது என்று கேட்டேன். கையெழுத்துப் பிரதியை மட்டும் இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினார். கடைசி மூன்று பக்கங்களில் குறுக்கே சிவப்புப் பென்சில் கோடு. ஓரத்தில் "தீ?" என்று எழுதியிருந்தது. ஒரு குழந்தையைக் கொல்ல அவருக்கு அந்த ஓரெழுத்து போதுமாக இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு பெண்களை மறுபடி கூப்பிட்டு, கோடு போட்ட பக்கங்களைக் காட்டி அடித்த வரிகளைப் படித்தேன். அக்கா தள்ளி நின்று கேட்டார்.

"சரி, நீங்க மாத்தலன்னு தெரியுது," என்றார். "ஆனா ஒண்ணு கேக்கணும். அவ ஏன் தனியா உக்காந்துருக்கா? அதே காட்டுல நாங்க இத்தன பேரு நிக்கிறோமே. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டாளா?"

முதலில் எனக்கு அவர் மேலேயே எரிச்சல் வந்தது. பிறகு என் மேல். நானும் அந்தப் பெண்களை வேடிக்கை பார்க்கிறவர்களாகத்தான் நிறுத்தி வைத்திருந்தேன்.

முடிவைத் திருத்தி எழுதினேன். இரும்புக்காரி உட்காருமுன் பெண்களிடம் போய்ப் பேசுகிறாள். ஒவ்வொருவராக வாளியைக் கீழே வைக்கிறார்கள். அக்காவுக்கு அது பிடித்திருந்தது. இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். ஒன்று திருப்பி அனுப்பியது. மற்றொன்றிலிருந்து இன்றுவரை பதில் இல்லை.

சில வருடம் கழித்து ஜொகூர் பாருவில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர், பெண்பிள்ளைகளுக்கு அதிகம் படிப்பு கூடாது என்பதற்கு உதாரணமாக எனக்கே அந்தக் கதையைச் சொன்னார். தீ, குழந்தை, நீதி எதையும் விடவில்லை.

"அத எழுதினது நான்தாங்க," என்றேன். "அந்த முடிவு மட்டும் என்னுதில்ல."

"அப்படியா டீச்சர்?" என்று சிரித்தார். "ஆனா முடிவுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு."

இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.