உடன் வருபவருக்கு அட்டை இல்லை

அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை.
காலை 9.05: டாக்ஸி உதவித் திட்ட அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுநாள் கண் மருத்துவரிடம் செல்ல வண்டி கேட்டேன்.
9.06: அட்டை எண் கேட்டார்கள். சொன்னேன்.
9.08: அந்த எண் சென்ற மாதமே மூடப்பட்டுவிட்டது என்றார்கள். அது என் மனைவியின் எண்.
9.09: என்னுடைய எண்ணைக் கேட்டார்கள். எனக்கு எண் இல்லை.
9.10: அந்த அட்டையில் நான் ‘உடன் வருபவர்’ என்று பதிவாகியிருப்பதாகவும், உடன் வருபவர் தனியாக வர இயலாது என்றும் தெரிவித்தார்கள். நன்றி கூறித் தொலைபேசியை வைத்தேன்.
புதன்கிழமை: கண் மருத்துவரிடம் செல்லவில்லை.

ஈஸ்ட் பிரன்ஸ்விக் போன்ற அமெரிக்கப் புறநகரில் கார் ஓட்டாதவர் ஏறத்தாழ வீட்டுக் காவலில் இருப்பவர். கடை, கோயில், மருத்துவமனை எல்லாம் நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கின்றன. ஆகவே முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் டாக்ஸி கட்டணத்தின் பெரும்பகுதியை இங்கே அரசு ஏற்கிறது. அதற்கு ஓர் அட்டை வேண்டும். பக்கவாதத்தில் இடக்கால் வலுவிழந்த பின் என் மனைவிக்கு அது கிடைத்தது. அவளுக்கு உதவியாக ஒருவர் கட்டணமின்றி உடன் செல்லலாம் என்பதால், அதற்குரிய கட்டத்தில் என் பெயரை எழுதினார்கள்.

அந்தப் படிவத்தைப் பார்த்து அவள் வெகு நேரம் சிரித்தாள்.

“உங்க கான்ஃபரன்ஸ் ஒண்ணு விடாம நான் கூட வந்தேன். ‘அகம்பனியிங் ஸ்பௌஸ்’னு கழுத்துல ஒரு அட்டைய மாட்டி விட்டாங்க. இப்ப நீங்க மாட்டிக்குங்க.”

அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டுநரிடமும் என்னை “மை அட்டெண்டன்ட்” என்றே அறிமுகப்படுத்தினாள். கணிதப் பேராசிரியர் என்று சொல்லும்படி நான் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள்.

என் பார்வையின் நடுப்பகுதி மங்கத் தொடங்கி, ஓட்டுநர் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அந்தக் காலத்தில்தான். டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கும் மகளிடம் அதைச் சிறிய விஷயமாகவே சொல்லி வைத்திருந்தேன். மருத்துவரைத் தவறவிட்ட செய்தி அவளை எட்டியதும் தொலைபேசியில் நிபந்தனை விதித்தாள்.

“அப்பா, உங்க பேர்ல அப்ளை பண்ணுங்க. கிடைச்சா அங்கேயே இருங்க, நான் ஒண்ணும் சொல்லல. கிடைக்கலேன்னா நோ ஆர்க்யூமென்ட், இங்க வந்துடணும். ரூம் பெயிண்ட் பண்ணியாச்சு.”

“என்ன நிறம்?”

“சப்ஜெக்ட்ட மாத்தாதீங்க.”

அவள் வீட்டில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வீட்டில் பொருள்கள் எல்லாம் என் மனைவி வைத்த இடத்தில் இருக்கின்றன. விளக்கில்லாமலே எடுத்துவிடுவேன். அதற்கு மேல் மகளிடம் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பித்தேன்.

விண்ணப்பதாரரை நேரில் காண அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி வருவதாகக் கடிதம் வந்தது. வீட்டுக்கு அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் தலைமுறையில் என்ன செய்வார்களோ, அதைச் செய்தேன். கம்பளத்தைச் சுத்தம் செய்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். காலணியைத் துடைத்தேன். பக்கத்து வீட்டு நண்பர், பாளையங்கோட்டையில் பிறந்த ஓய்வுபெற்ற பல் மருத்துவர், முதியோர் பிடித்து நடக்கும் நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்று பார்த்தார்.

“என்ன சார், பொண்ணு பாக்க வாராவளா?”

“அலுவலகத்திலிருந்து வருகிறார்கள்.”

“அட்டை கேக்குத ஆளு இப்படியா இருப்பாரு? கொஞ்சம் தாடியாவது வளத்திருக்கலாம்லா.”

நான் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்த அம்மையாருக்கு ஃபில்டர் காபி கொடுத்தேன், ஒரு சொட்டும் சிந்தாமல். படிகளில் ஏறி இறங்க முடியுமா என்றார். ஏறி இறங்கிக் காட்டினேன். பேருந்து எண்ணைப் படிப்பதில் சிரமம் உண்டா என்றார். இதுவரை இருந்ததில்லை என்றேன். அன்றாட வேலைகளில் பிறர் உதவி தேவையா என்றார். கடவுள் அருளால் இல்லை என்றேன். புறப்படும்போது வாசல் வரை சென்று அவருடைய கார் கதவையும் திறந்துவிட்டேன். நேர்காணல் மிகச் சிறப்பாக நடந்ததாகவே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரங்களில் பதில் வந்தது. எழுத்து பொடியாக இருந்ததால் நண்பரிடம் கொண்டுபோனேன். அவர் ஒருமுறை தமக்குள்ளும் ஒருமுறை உரக்கவும் படித்தார்.

“வாழ்த்துக்கள் சார். சாதாரண பஸ்ல போற அளவுக்கு நல்லா இருக்கீயளாம். அட்டை கிடையாது.”

கடிதத்தை வாங்கி மடித்தேன்.

“நூத்துக்கு நூறு வாங்கி ஃபெயிலான மொத ஆளு நீங்கதான். இந்தக் கடுதாசியவே படிக்க முடியல. இதுல பஸ் நம்பரு படிப்பேன்னு அந்தம்மாட்ட சொல்லிருக்கீய.”

“நான் பொய் சொல்லவில்லை.”

“பொய்யின்னு யாரு சொன்னா? மரியாதையா பேசிட்டீயன்னு சொல்லுதேன்.”

மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது. ஆனால் அதற்கு அலுவலகத்துக்கு நேரில் செல்ல வேண்டும். டாக்ஸிக்கு அட்டை வேண்டும், அட்டைக்கு டாக்ஸி வேண்டும். இதில் ஒரு தேற்றத்தின் அழகு இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். நண்பர் ரசிக்கவில்லை. தம் அட்டையைப் புதுப்பிக்கும் வேலை அவருக்கும் அங்கே இருந்தது.

“என் அட்டையில போவோம். நீங்க என்கூட வாரவரு. என் பையத் தூக்கிக்கிடுங்க.”

பையைத் தூக்கிக்கொண்டு சென்றேன். வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது.

“நல்ல நாளச் சொல்லாதீய சார். மோசமான நாளச் சொல்லுங்க.”

“எல்லா நாளும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன.”



“அப்ப அதச் சொல்லுங்க.”

உள்ளே முன்பு வந்த அதே பெண்மணிதான் இருந்தார். காபிக்கு மறுபடி நன்றி சொன்னார். பிறகு, சாலையோரம் நிற்கும்போது ஒரு டாக்ஸி வந்தால் அது எனக்குரிய வண்டிதானா என்று எப்படி அறிவேன் எனக் கேட்டார்.

“எண்ணைப் பார்த்து” என்று தொடங்கினேன். நிறுத்திக்கொண்டேன்.

கடைசியாக ஒரு வண்டியின் எண்ணை நானே படித்தது எப்போது என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். வரவில்லை. என் மனைவி கைத்தடியை ஊன்றி நடைபாதை ஓரத்தில் நின்று, வரும் ஒவ்வொரு வண்டியையும் உரக்கப் படிப்பாள். “இது நம்மது இல்ல. பின்னாடி வருது பாருங்க, வெள்ளை, அதான்.” பிறகு, “படி இருக்கு. தேற்றம் இல்ல, தாண்டிடலாம்.” கடைக்குள் போனால் விலைச்சீட்டு, உணவகத்தில் உணவுப் பட்டியல், மருந்துப் புட்டியின் மேல் எழுத்து, எல்லாவற்றையும் வாய்விட்டுப் படிப்பாள். பேச்சுப் பிரியம் என்று எண்ணியிருந்தேன். அதைக் குறித்து அவளைக் கேலி செய்ததும் உண்டு. அவள் மறுத்ததில்லை.

அந்தப் பெண்மணி காத்திருந்தார்.

“என் மனைவி சொல்வாள்” என்றேன்.

“இப்போது?”

“இப்போது யாரும் சொல்வதில்லை.”

அவர் தலை குனிந்து எழுதத் தொடங்கினார். வெகு நேரம் எழுதினார். என் சட்டை அன்றும் இஸ்திரி போட்டதுதான்.

வெளியே நண்பர் நடைவண்டியின் இருக்கையில் அமர்ந்திருந்தார்.

“அழுதீயளா?”

“இல்லை.”

“அழுதிருக்கலாம். மார்க்கு கூடும்.”

பையை என்னிடம் நீட்டினார். அது முன்னைவிடக் கனமாக இருந்தது. அலுவலகத்தில் இலவசமாக வைத்திருந்த நாட்காட்டிகளில் ஆறேழை உள்ளே போட்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை தொலைபேசி அழைப்பு வந்தது. அட்டைக்கு அனுமதி அளித்துவிட்டார்கள். எண்ணையும் சொன்னார்கள். இருமுறை சொல்லச் செய்து பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டேன். இன்னும் மனப்பாடம் ஆகவில்லை.

முடிக்காத வேலைகள்:

அட்டைக்குப் புகைப்படம் எடுப்பது.

மகளுக்குச் செய்தி சொல்வது. மூன்று நாளாகத் தள்ளிப்போடுகிறேன். அவளுக்கு இது நல்ல செய்தியாக இருக்காது.

கண் மருத்துவரிடம் புதிய நேரம் கேட்பது.

மனைவியின் குளிர்காலக் கோட்டுகளை நன்கொடைக் கடையில் கொடுத்துவிடுவது. வண்டியில் ஒரு தடவைக்கு இரண்டு பைகள்தான் அனுமதி என்பதால் பல தடவை போக வேண்டியிருக்கும்.

முதல் பயணம் எங்கே என்று முடிவு செய்வது.